உள்ளங்கையில் எழுதிய வண்டி நம்பர்

என் கையைப் பிடித்துக்கொண்டே என் மகன் என்னைக் காணோம் என்று அழுத கதையை இந்த வாரம் முதலில் சொல்லிவிடுகிறேன்.

எண்ணூர் விரைவுச் சாலை. ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில் கொட்டி வைத்திருக்கும் கருங்கற்களின் மேல் நாங்கள் மூன்று பேரும் நண்டு பார்த்துக்கொண்டிருந்தோம். நான், என் மகள் தர்ஷினி, மகன் நித்திஷ். தர்ஷினி அப்போது இரண்டாம் வகுப்பு. நித்திஷ் பால்வாடிக்குப் போக வேண்டிய வயது, போகவில்லை. நல்ல வெயில். கல் சூடு செருப்பைத் தாண்டி ஏறியது. பொந்துக்குள் ஒரு நண்டு கொடுக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு எங்களை வேடிக்கை பார்த்தது.

நான் ஓட்டிய டிரெய்லர் ரோட்டில் நின்றிருந்தது. முதுகில் ஒரு நீலக் கன்டெய்னர். அதற்கு முன்னாலும் பின்னாலும் கண்ணுக்கெட்டிய வரை டிரெய்லர்கள். காலையிலிருந்து ஓர் அடி நகரவில்லை. இனிமேலும் நகராது என்ற தைரியத்தில்தான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கல் மேல் ஏறியிருந்தேன்.

நகர்ந்துவிட்டது. எங்களுக்குப் பின்னால் நின்ற வண்டியின் டிரைவர் பாஷா பாய், ராயபுரத்துக்காரர், என் வண்டியில் தாவி ஏறி அதை முன்னால் எடுத்தார். எங்களுக்குள் இது சகஜம். ஒருவன் சாப்பிடவோ ஒதுங்கவோ இறங்கியிருந்தால் பின்னால் இருப்பவன் இரண்டு வண்டியையும் நகர்த்திக் கொடுப்பான். அதற்காகவே சாவியை வண்டியில் விட்டுவிட்டு இறங்குவோம்.

நித்திஷ் நிமிர்ந்து பார்த்தான். வண்டி போய்க்கொண்டிருந்தது. அடுத்த நொடி வாயைப் பிளந்துகொண்டு அழ ஆரம்பித்தான். நைனா போறாரு, நைனா போறாரு என்று ஒரே கூச்சல். தர்ஷினி என்னை அப்பா என்பாள். அவனுக்கு நான் நைனா.

"டேய், நான் இங்கதாண்டா கீறேன்" என்று குனிந்து முகத்தைக் காட்டினேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். வண்டியைப் பார்த்தான். மறுபடியும் வண்டியைக் கை காட்டி அழுதான். அவன் இன்னொரு கை என் கைக்குள்தான் இருந்தது.

விஷயத்தைக் கேட்டதும் பாஷா பாய் ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தார். "புள்ளைக்கு நைனா நீ இல்ல மாமு, அந்த வண்டிதான்" என்றார். நானும் சிரித்தேன். அந்த வாரம் முழுக்க எல்லோரும் இதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

லைனில் ஒரு குடும்பம்

துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் வண்டி வரிசைக்கு எங்கள் ஊரில் லைன் என்று பெயர். ஏன் நிற்கிறோம் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. கம்ப்யூட்டர் படுத்துவிட்டது என்பான் ஒருவன். கப்பலே வரவில்லை என்பான் இன்னொருவன். விடிந்தால் விட்டுவிடுவார்கள் என்பான் மூன்றாமவன், முந்தின நாளும் அவன்தான் அதைச் சொல்லியிருப்பான். அங்கேயே சமைத்து, அங்கேயே குளித்து, அங்கேயே தூங்குவோம். டிரைவர் என்று பெயர். ஓட்டுகிற நேரத்தைவிட உட்கார்ந்திருக்கிற நேரம்தான் அதிகம்.

லாரிக்காரன் வாழ்க்கையில் எவ்வளவோ வேடிக்கை இருக்குமே, அதையெல்லாம் எழுதுங்கள் என்று சொல்லித்தான் பத்திரிகை ஆசிரியர் இந்தத் தொடரைத் தொடங்கி வைத்தார். இதுவரை எழுதியும் வந்தேன். இந்த வாரம் கையிருப்பு வேடிக்கை அந்த நண்டோடு தீர்ந்துவிட்டது.

பிள்ளைகள் ஏன் லைனுக்கு வந்தார்கள் என்று கேட்டால், வீட்டில் யாரும் இல்லை. என் மனைவி செல்வி ஒரு மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை வந்து போய்ச் சேர்ந்தாள். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் இருந்தோம். கண் மஞ்சளாகி ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

திருவொற்றியூரில் எங்களுடையது ஒற்றை அறை வீடு. கொஞ்ச நாள் அக்கம்பக்கத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் பிள்ளையைக் கொண்டுபோய் விடும்போது அந்த வீட்டு அம்மாவின் முகம் ஒரு கணம் சுருங்கி விரியும். அதைப் பார்த்துவிட்டால் மறுநாள் அந்தக் கதவைத் தட்டக் கை வராது. இருவரையும் தூக்கிக் கேபினில் போட்டுக்கொண்டேன்.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஓர் ஆள் படுக்கிற அளவுக்குப் பலகை இருக்கும். அதுதான் அவர்களுடைய வீடு. செல்வியின் பழைய புடவை ஒன்றை மடித்து விரித்தேன். தர்ஷினி கண்ணாடியில் ஒரு பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் ஒட்டினாள். புத்தகப் பை ஒரு மூலையில், பால் பவுடர் டப்பா ஒரு மூலையில். வீட்டுப் பக்கமாக லைன் நிற்கிற நாளில் அவள் பள்ளிக்கூடம் போவாள். மற்ற நாளில் போக மாட்டாள்.

வண்டி தெரிகிற தூரம்

எங்கள் ஊர்சுற்றலுக்கு ஒரே ஒரு சட்டம்தான். வண்டி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தைத் தாண்டக் கூடாது. அதற்குள் எது அகப்படுகிறதோ அதுதான் அன்றைக்கு டூர். இன்றைக்கு என்ன டூர் என்று காலையில் தர்ஷினி அறிவிப்பாள்.

நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களுக்குப் பெயர் வைப்பது ஒரு டூர். ஒரு கப்பலுக்கு நித்திஷ் 'வடை' என்று பெயர் வைத்தான், அன்றைக்கு அவனுக்கு வடை கிடைக்கவில்லை. மீன் உலர்த்துகிற பெண்களிடம் போய் உட்கார்ந்து காக்கா விரட்டுவது இன்னொரு டூர். தண்ணீர் லாரி ஒழுகுகிற இடத்தில் நின்று குளிப்பது பெரிய டூர், அதற்கு அதிர்ஷ்டம் வேண்டும். ஒருநாள் யாருடையதோ ஓர் ஆடு ரோட்டோரமாகப் போக, அதன் பின்னாலேயே போய் ஒரு கல்யாண வீட்டுப் பந்திக்குப் போய்ச் சேர்ந்தோம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேசரி போட்டார்கள். தர்ஷினி எட்டி எட்டிப் பார்த்து வண்டி தெரிகிறதா என்று எனக்குச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள்.

சந்தோஷமாக இருந்தோமா என்றால், இருந்தோம். பிள்ளைகளுக்கு அப்பா நாள் முழுக்கப் பக்கத்தில் இருக்கிறான். எத்தனை பிள்ளைகளுக்கு அது கிடைக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

நிஜமான டூர் ஒன்று பாக்கி இருந்தது. வண்டலூர் ஜூ. பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு பெண் போய்வந்து யானையைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். லைன் விட்டதும் போவோம் என்றேன். லைன் விட்டால் அடுத்த லோடு, அடுத்த லோடு ஏற்றினால் அடுத்த லைன். தர்ஷினி கொஞ்ச நாளில் கேட்பதை நிறுத்திவிட்டாள். தம்பி கேட்டால் அவளே பதில் சொல்லிவிடுவாள்.

எல்லம்மா அக்கா கடை

துறைமுகக் கேட்டுக்குள் பிள்ளைகளை விட மாட்டார்கள். விடக் கூடாதுதான், உள்ளே கிரேனும் கன்டெய்னரும் பறந்துகொண்டிருக்கும். கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் எல்லம்மா அக்காவின் டீக்கடை. காசிமேட்டுக்காரி. கேட்டுக்குள் கொண்டுபோகக் கூடாத எதையும் டிரைவர்கள் அவளிடம்தான் போட்டுவிட்டுப் போவார்கள். அடுப்பு, சாப்பாட்டுத் தூக்கு, துணி மூட்டை. எது யாருடையது என்று குழம்பாமலிருக்க எல்லாவற்றின் மேலும் வண்டி நம்பரின் கடைசி நான்கு எண்ணைச் சாக்பீஸால் எழுதி வைப்பாள்.

முதல் முறை பிள்ளைகளை இறக்கிவிட்டபோது அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து இரண்டு பேர் உள்ளங்கையிலும் எழுதினாள். நாற்பத்தொன்று எழுபத்தாறு.

"தொலைஞ்சா எந்த வண்டி புள்ளன்னு தெரியணும்ல" என்றாள்.

விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் நித்திஷுக்கு அது பெரிய கௌரவமாகிவிட்டது. கை கழுவ மாட்டேன் என்று அடம்பிடித்தான். அழிந்துபோனால் மறுபடி எழுதச் சொல்லிக் கையை நீட்டினான். எழுத்துத் தெரியாதவன், அந்த நான்கு எண்ணை மட்டும் கூட்டத்தில்கூடக் கண்டுபிடிப்பான். லைனில் யாராவது உன் நைனா பேர் என்னடா என்று கேட்டால் நாப்பத்தொண்ணு எழுவத்தாறு என்பான். எல்லோருக்கும் சிரிப்பு. வேண்டுமென்றே திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

துண்டில் ஒட்டிய கறுப்பு

செல்வியின் அக்கா விஜயா சுங்குவார்சத்திரத்தில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரருக்கு அங்கே ஒரு கம்பெனியில் வேலை. ஒருநாள் காலை எங்களைப் பார்க்க வந்தாள். வீடு பூட்டியிருக்க, விசாரித்துக்கொண்டு லைனுக்கே வந்துவிட்டாள். வண்டி வண்டியாகப் பார்த்துக்கொண்டே நடந்து வந்திருக்கிறாள். புடவை முழுக்கத் தூசி.

நித்திஷ் அப்போது பலகையில் படுத்திருந்தான். சில நாட்களாக இருமல். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் சத்தம். மருந்துக்கடையில் கேட்டு ஒரு சிரப் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

விஜயா அவனைத் தூக்கி மடியில் வைத்துத் துண்டை நனைத்து முகத்தைத் துடைத்தாள். துண்டு கறுத்தது. மூக்கைத் துடைத்தாள், அதுவும் கறுப்பு. மற்ற வண்டிகள் எல்லாம் எஞ்சினை ஓடவிட்டு நின்றுகொண்டிருந்தன, புகை எங்கே போகும்? அவள் துண்டை என்னிடம் நீட்டினாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன்.

"நீ நல்லாத்தான் பாத்துக்கற. இல்லன்னு சொல்லல" என்றாள். "புள்ளைக்கு மூச்சு இழுக்குதுப்பா. நான் இட்டுகினு போறேன்."

முடியாது என்றேன். செல்வி போய்விட்டாள், இவர்களையும் கொடுத்துவிட்டு நான் எதற்கு வண்டி ஓட்டுவது என்று கத்தினேன். பாஷா பாய் இறங்கி வந்து என் தோளைப் பிடித்தார். விஜயா நித்திஷைத் தோளில் போட்டு முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். அவன் மூச்சுச் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

என்னைச் சம்மதிக்க வைத்தது தர்ஷினிதான். பெரியம்மா வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டாள். பெங்களூர் ரோட்டு மேலேயே, மாடியில், பால்கனி இருக்கு என்றாள் விஜயா. என் லோடு பாதி அந்தப் பக்கத்துக் கம்பெனிகளிலிருந்துதான் வரும். தர்ஷினிக்கு அது தெரியும்.

"அப்போ நம்ம வண்டி அந்த வழியாதானப்பா போவும்" என்றாள்.

வண்டி ஓடியது

அடுத்த தடவை லோடு ஏற்ற வண்டி காலியாக அந்தப் பக்கம் போனபோது நானே கொண்டுபோய் விட்டேன். மீஞ்சூரில் வெளிவட்டச் சாலையைப் பிடித்தோம். காலை நேரம், ரோடு காலியாக இருந்தது. மிதித்தேன்.

பிள்ளைகள் அதுவரை அந்த வண்டி அப்படி ஓடிப் பார்த்ததே இல்லை. அவர்களுக்கு வண்டி என்றால் நிற்பது, கொஞ்சம் ஊர்வது, மறுபடி நிற்பது. காற்று முகத்தில் அடித்ததும் நித்திஷ் இருமலை மறந்து கை தட்டினான். இன்னும் வேகம் நைனா, இன்னும் வேகம் என்றான். தர்ஷினி ஜன்னலில் முகத்தை வைத்து வயல், ஏரி, மாடு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். எங்கள் வாழ்க்கையில் நாங்கள் போன ஒரே நிஜமான டூர் அதுதான்.

வழியெல்லாம் பச்சைப் பலகையில் வண்டலூர் என்று போட்டு அம்புக்குறி காட்டியது. ஒவ்வொரு பலகையையும் தர்ஷினி எழுத்துக் கூட்டிப் படித்தாள். நசரத்பேட்டையில் நான் பெங்களூர் ரோட்டில் திரும்பினேன். அவள் பின்னால் திரும்பி அந்தப் பலகையைப் பார்த்தாள்.

பிறகு கொஞ்ச காலம் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் வண்டியை ஓரம் கட்டி மாடிக்கு ஓடி இருவரையும் பார்த்துவிட்டு வருவேன். அங்கே டிரெய்லர் நிறுத்தக் கூடாது என்று போலீஸ் விரட்ட ஆரம்பித்த பிறகு அதுவும் நின்றது. வேகத்தடையில் வண்டியை மெதுவாக்கி ஹாரன் அடிப்பேன். நித்திஷ் பால்கனிக்கு ஓடி வருவான். கையை வெளியே நீட்டி ஆட்டுவேன். அவனும் ஆட்டுவான். உள்ளங்கையில் பேனா மை தெரியும். தர்ஷினிதான் தினம் எழுதிவிடுகிறாள் என்று விஜயா சொன்னாள்.

இருமல் நின்றுவிட்டது. விஜயா அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். தர்ஷினி ஒரு நாள்கூட விடுப்பு எடுப்பதில்லை. நான் வீட்டுக்குப் போனால், பலகையிலிருந்து எடுத்துவந்த செல்வியின் புடவை மடித்து வைத்த இடத்தில் இருக்கும். விளக்குப் போடாமலே உட்கார்ந்திருப்பேன்.

முகம் மட்டும்

முதலாளி வண்டியை விற்றுவிட்டார். யாரோ வெளியூர்க்காரர் வாங்கினார். என்னை வேறு வண்டியில் போட்டார்கள், கன்டெய்னர் அடுக்கி வைக்கும் யார்டுக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் மட்டும் ஓடுகிற வண்டி. பெங்களூர் ரோட்டுப் பக்கம் இனி எனக்கு வேலை இல்லை.

விஜயாவின் போனில் பிள்ளைகள் வீடியோவில் பேசுவார்கள். புது வண்டியில் உட்கார்ந்து பேசிய முதல் நாளே தர்ஷினி கண்டுபிடித்துவிட்டாள். பட்டாம்பூச்சி எங்கே என்றாள். சொன்னேன். அவள் போனை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பிக்குச் சொல்லாதப்பா. அவன் தினம் பால்கனியில நின்னுகினு கீறான். இனிமே பேசும்போது முகம் மட்டும் காட்டு."

மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்கிறது. அதன்படியே முகத்தை மட்டும் காட்டிப் பேசினேன்.

பஸ் பிடித்துப் போய்ப் பார்க்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். போனேன். நித்திஷ் என்னைப் பார்த்ததும் சிரித்தான், உடனே என்னைத் தாண்டிக் கீழே ஓடினான். வண்டியைத் தேடியிருக்கிறான். ரோட்டில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மெதுவாகப் படியேறி வந்தான். வண்டி ரிப்பேர்டா என்று தர்ஷினி முந்திக்கொண்டு சொன்னாள். அன்றைக்கு என் மடியில் உட்கார்ந்திருந்தான். ஆனால் வண்டி இல்லாமல் வந்த என்னை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. நண்டு பார்த்த அன்றைக்குப் பாஷா பாய் சொன்னது நினைவுக்கு வந்தது.

போன வாரம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். லைனில் நின்றுகொண்டிருந்தேன். தர்ஷினி போனில் கூப்பிட்டாள்.

"அப்பா, நம்ம வண்டி போச்சு."

பெங்களூர் ரோட்டில், பால்கனிக்கு நேர் கீழே, நாற்பத்தொன்று எழுபத்தாறு. பட்டாம்பூச்சிகூட அப்படியே இருந்ததாம். தம்பி பார்த்துவிட்டானா என்று கேட்டேன். அவன்தான் முதலில் பார்த்தான் என்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நைனா, நைனா என்று கத்தியிருக்கிறான். வேகத்தடையில் வண்டி மெதுவானபோது ஓட்டியவர் தலையை நீட்டாமல் கையை மட்டும் வெளியே நீட்டி ஆட்டிவிட்டு, ஒரு ஹாரனும் அடித்துவிட்டுப் போயிருக்கிறார். யாரோ ஒரு பிள்ளை இவ்வளவு ஆசையாகக் கூப்பிடுகிறதே என்று செய்திருப்பார். நல்ல மனுஷன். அவர் மேல் நான் எப்படிக் கோபப்படுவது?

அழுதானா என்று கேட்டேன்.

"இல்லப்பா. சிரிச்சிகினே கீறான். சோறுகூட அவனே துன்னுட்டான்."

போனை அவனிடம் கொடுக்கச் சொன்னேன். டேய் நித்தி, நைனா பேசறேன் என்றேன். கொஞ்ச நேரம் அவன் மூச்சு மட்டும் கேட்டது. இழுப்பு இல்லாத, சுத்தமான மூச்சு.

"அதான் பாத்துட்டனே" என்றான். போனை அக்காவிடம் கொடுத்துவிட்டு விளையாட ஓடிவிட்டான்.

பின்னால் ஹாரன் அடித்தார்கள். லைன் நகர்ந்திருந்தது. வண்டியை முன்னால் எடுத்தேன்.